தொலைக்காட்சி நாடக எழுத்துக்குப் பயிற்சியும் வழிகாட்டியும்: எதைப் பார்த்துச் சேர்வது?

கேட்டவர் இரண்டு குறும்படங்களும் ஒரு மேடை நாடகமும் எழுதியிருக்கிறார். இனித் தொலைக்காட்சி நாடகத் தொடர்களுக்கு எழுத விரும்புகிறார். பயிற்சித் திட்டங்களில் சேர்வதால் உண்மையில் பயன் உண்டா, அனுபவமுள்ள ஒருவரிடம் தனியாக வழிகாட்டுதல் பெறுவது மேலா, ஒரு திட்டம் நல்லதா என்பதை எதை வைத்து அறிவது என்பவை அவருடைய கேள்விகள். பல ஆண்டுகள் ஸ்கிரிப்ட் எடிட்டராக, அதாவது எழுத்தாளர்களோடு சேர்ந்து வரைவுகளைச் செம்மைப்படுத்துபவனாக, வேலை பார்த்தவன், புதியவர்களின் வரைவுகளை இன்றும் வாசித்து வருபவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

திரைக்கதை எழுதக் கற்பது ஒன்று. தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதும் வேலையைக் கற்பது வேறொன்று. முன்னதைப் புத்தகங்களிலிருந்தும், நல்ல தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலிருந்தும், எழுதி எழுதிக் கிழித்துப் போடுவதிலிருந்தும் பெருமளவு கற்றுக்கொள்ள முடியும். பின்னது, வேறொருவர் படைத்த பாத்திரங்களின் குரலில், குறித்த நாளுக்குள், பலர் சொல்லும் கருத்துகளைக் கேட்டு, தன் கதையின் உயிரை இழக்காமல் திருத்தி எழுதுவது. இதை வகுப்பறை விரிவுரையால் சொல்லித்தர முடியாது. ஆகவே உங்கள் வரைவைக் குறைந்தது மூன்று நான்கு முறை திருத்த வைக்காத, அதன் ஒரு காட்சியையாவது நடிகர்கள் வாயில் கேட்க வைக்காத எந்தப் பயிற்சியையும், அதை எவ்வளவு பெயர்பெற்றவர் நடத்தினாலும், அரைப் பயிற்சியாகத்தான் கருதுவேன்.

குறும்படமும் மேடையும் எழுதியவருக்கு ஏற்கெனவே கைவந்தது என்ன, வராதது என்ன என்பதையும் இங்கே பார்க்கவேண்டும். மேடையில் எழுதியவருக்குப் பொதுவாக வசனம் நன்றாக வரும். பாத்திரங்களை ஓர் அறைக்குள் நிறுத்தி மோதவிடவும் தெரியும். குறும்படம் எழுதியவருக்குச் சொல்லாமல் விடுவது தெரியும். இருவருக்குமே பழக்கமில்லாதது நீளம். எட்டு மணி நேரத்துக்கு ஓடும் ஒரு கதையில், மூன்றாம் எபிசோடில் எதைச் சொல்வது, ஆறாம் எபிசோடு வரை எதைப் பிடித்துவைப்பது, ஒவ்வொரு எபிசோடும் தனக்கென ஒரு கேள்வியை எழுப்பி முடிக்கும்போதே பெரிய கேள்வியை எப்படி நகர்த்துவது என்ற கணக்கு தனியே பழகவேண்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது தொழிலின் பழைய அளவுகோல். விளம்பர இடைவேளை உள்ள ஒரு மணி நேரத் தொடரில் கதைக்குக் கிடைப்பது நாற்பது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான். படப்பிடிப்பைத் திட்டமிடும் உதவி இயக்குநர் உங்கள் பக்கத்தை எட்டுப் பாகங்களாகப் பிரித்து, இந்தக் காட்சி ஒன்றேகால் பக்கம், அந்தக் காட்சி அரைப்பக்கத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டுத்தான் படப்பிடிப்பு நாட்களை வகுக்கிறார். நீங்கள் ஆசையாக எழுதிய இரவு நேர மழைக்காட்சி அவருடைய தாளில் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால், எந்தக் காட்சிக்காகப் போராடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி, இந்த வேலையை முன்பு மக்கள் எப்படிக் கற்றார்கள் என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைய பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய வழிகள் அடைபட்டதால் தோன்றியவை அல்லது அவற்றின் மாதிரியில் அமைந்தவை. அமெரிக்காவில், ஒரு தொடரின் எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து கதையை உருவாக்கும் எழுத்தாளர் அறை என்ற ஏற்பாடே பள்ளிக்கூடமாக இருந்தது. எழுத்தாளர்களுக்கு உதவியாளராகக் குறிப்பெடுத்தவர், அறையின் கடைநிலை எழுத்தாளரான ஸ்டாஃப் ரைட்டராகி, பிறகு ஸ்டோரி எடிட்டர், தயாரிப்பாளர் என்று படிப்படியாக ஏறி, ஒருநாள் ஷோரன்னர் எனப்படும் தலைமை எழுத்தாளராக ஆனார். ஒரு தொடருக்கு ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் இருந்த காலத்தில், ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் படப்பிடிப்பு நடந்தது. தன் எபிசோடு படமாகும்போது எழுத்தாளர் அங்கே இருந்தார். ஸ்ட்ரீமிங் தளங்கள் வந்து எபிசோடுகள் எட்டாகவும் பத்தாகவும் குறைந்தபோது, மினி ரூம் எனப்படும் சிறிய அறைகளில் சில வாரங்களுக்குள் எழுத்து முடிந்து, படப்பிடிப்புத் தொடங்கும் முன்பே இளைய எழுத்தாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகள் தொழிலில் இருந்தும் ஒருமுறைகூடப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்காத எழுத்தாளர்கள் அப்படித்தான் உருவானார்கள். 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஊதியத்தோடு இதுவும் இருந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அதன் முடிவில் கையெழுத்தான ஒப்பந்தம், அறையில் இருக்கவேண்டிய எழுத்தாளர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கையை எபிசோடுகளின் எண்ணிக்கைக்கேற்ப வரையறுத்தது. அறையில் இருந்தவர்களில் சிலரைப் படப்பிடிப்புக் காலத்திலும் வேலையில் வைத்திருக்கவேண்டும் என்றும் விதித்தது. தொழிற்சங்க ஒப்பந்தம் போலத் தோன்றினாலும், உண்மையில் இது ஒரு பயிற்சித் திட்டம்.

பிரிட்டனில் வழி வேறு மாதிரி இருந்தது. அங்கே நெடுந்தொடர்கள்தான் பட்டறை. பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற பால் அபாட், சாலி வெயின்ரைட் போன்றவர்கள் 1960 முதல் ஓடும் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் எழுதிப் பழகியவர்கள். 2005இல் ஜான் யார்க் பிபிசியில் தொடங்கிய எழுத்தாளர் அகாடமி, இந்த இயல்பான பழக்கத்தைப் பாடத்திட்டமாக்கியது. தேர்வானவர்கள் கதையமைப்பை முறையாகப் படித்தார்கள். படித்துமுடித்ததும் கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பாமல், அந்நிறுவனத்தின் நடப்புத் தொடர்களுக்கு உண்மையான எபிசோடுகளை எழுத வைத்தார்கள். 2000இல் தொடங்கிய ‘டாக்டர்ஸ்’ என்ற பகல்நேரத் தொடர் அந்த வகையில் நூற்றுக்கணக்கான புதியவர்களுக்கு முதல் வாசலாக இருந்தது. ஒவ்வொரு எபிசோடிலும் தனியாக ஒரு சிறுகதை முடிந்துவிடும் அமைப்பு அதற்கு இருந்ததால், தொடரின் வரலாறு முழுவதையும் தலையில் சுமக்காமலே ஒரு புதியவர் முழுக்கதை ஒன்றைச் சொல்லமுடிந்தது. 2024 நவம்பரில் அது நிறுத்தப்பட்டபோது பார்வையாளர்களைவிட எழுத்தாளர்கள் அதிகம் கலங்கினார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். மலிவாக எடுக்கப்படும் பகல்நேரத் தொடரை ஏளனமாகப் பார்க்கும் பயிற்சி மாணவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். தவறு செய்ய இடம்தரும் தொடர் அது என்பது அவர்களுக்குப் பிறகுதான் புரியும், பலருக்கு மிகவும் பிறகு.

ஜப்பானிலும் தென் கொரியாவிலும் போட்டிகள் வழியாக உள்ளே வருவது நெடுநாள் வழக்கம். ஃபுஜி தொலைக்காட்சி 1987இல் தொடங்கிய இளம் திரைக்கதையாசிரியர் விருதின் முதல் வெற்றியாளர், அப்போது 19 வயதான யூஜி சகமோட்டோ. 2023இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசைப் பெற்றவரும் அவரே. தென் கொரியாவில் சிஜே இஎன்எம் நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘ஓபன்’ திட்டம், தேர்ந்தெடுத்த புதியவர்களுக்கு எழுதும் இடமும் வழிகாட்டிகளும் தந்து, அவர்களுடைய ஒற்றை எபிசோடு நாடகங்களைப் படமாக்கி ஒளிபரப்பவும் செய்தது. இங்கே கவனிக்கவேண்டியது அந்த ஒற்றை எபிசோடு. ஒரு புதியவரை நம்பிப் பதினாறு எபிசோடுக்குப் பணம் போட யாரும் துணியமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குத் துணிவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எழுத்தாளர் தொடக்கம் முதல் ஒளிபரப்பு வரை எல்லாப் படிகளையும் ஒருமுறை கடந்துவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த மாதிரி டென்மார்க்கினுடையது. அங்கே தேசியத் திரைப்படப் பள்ளியில் திரைக்கதை மாணவர்களும் தயாரிப்பு மாணவர்களும் சேர்ந்து தொடர்களை உருவாக்கிப் பழகுகிறார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் அந்தப் பயிற்சியில் பங்குபெறுகிறது. ஒரு தொடரின் பார்வை ஒரே எழுத்தாளருடையதாக இருக்கவேண்டும் என்பது அந்நிறுவனம் கடைப்பிடித்த கொள்கை; ஆனால் அந்த ஒருவரோடு இளைய எழுத்தாளர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். 2010இல் தொடங்கிய அரசியல் தொடரான ‘போர்கன்’னை உருவாக்கிய ஆடம் பிரைஸுடன் அப்படி எழுதியவர்கள் திரைப்படப் பள்ளியிலிருந்து வந்த யெப்பே யெர்விக் கிராமும் டோபியஸ் லிண்ட்ஹோமும். கிராம் பின்னர் 2016இல் நிதி மோசடியைப் பற்றிய தன் சொந்தத் தொடரைக் கொண்டுவந்தார். பள்ளி, பிறர் தொடர், தன் தொடர் என்ற மூன்று படிகளுக்கு இடையே பத்தாண்டுக்குள்தான் இடைவெளி. வழிகாட்டுதல் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் நடந்த வழிகாட்டுதல் இது.

வழிகாட்டி என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு சிறிய காட்சியை வைத்துக் காட்டுகிறேன். ஒரு பட்டறையில் வந்த வரைவு, விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகன் வேலையை விட்டுவிட்டான், தாயிடம் சொல்லவில்லை. தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. முதல் வரைவில் இரண்டு பக்கத்துக்கு இருவரும் பேசினார்கள். “வேலையை விட்டுட்டேன்னு ஏன்டா என்கிட்ட சொல்லலை?” “நீ வருத்தப்படுவேன்னுதான்மா சொல்லலை.” அதன்பின் இறந்துபோன தந்தை, கடன், தியாகம், கண்ணீர். முதலில் வாசித்தவர் கொடுத்த குறிப்பு: “உணர்ச்சி போதவில்லை, வசனம் இன்னும் கூர்மையாக இருக்கலாம்.” எழுத்தாளர் பாவம், அடுத்த வரைவில் கண்ணீரைக் கூட்டினார், காட்சி இரண்டரைப் பக்கமானது. இரண்டாவதாக வாசித்தவர் கருத்தே சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்டார்: “காட்சி தொடங்கும்போதே அம்மாவுக்கு உண்மை தெரியும் என்றால், அவள் ஏன் வாய்விட்டுக் கேட்கவேண்டும்? கேட்டால் அவளுக்கு என்ன போய்விடும்?”

மூன்றாம் வரைவு இப்படி இருந்தது. காலை. தாய் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். “ஐடி கார்டு எடுத்துக்கிட்டியா?” அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுகிறான். “இருக்கும்மா.” அவன் அதைத் திருப்பிக் கொடுத்ததை முந்தின எபிசோடில் நாம் பார்த்திருக்கிறோம். கதவு சாத்தும் ஓசை. இஸ்திரித் துணியின் மடிப்புக்கடியிலிருந்து அவள் ஒரு கடிதத்தை எடுக்கிறாள், அலுவலகத்தின் பெயர் அச்சிட்டது, ஏற்கெனவே பிரிக்கப்பட்டது. முக்கால் பக்கம். யாரும் அழவில்லை. முதல் வரைவைவிட ஒன்றேகால் பக்கம் மிச்சமானதோடு, இவர்கள் எப்போது பேசப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு அடுத்த இரண்டு எபிசோடுகளையும் சேர்த்து இழுத்தது. கவனியுங்கள், கடிதம் என்ற யோசனை வழிகாட்டியுடையது அல்ல. அவர் அதைச் சொல்லியிருந்தால் காட்சி நன்றாகியிருக்கும், ஆனால் எழுத்தாளர் ஒன்றும் கற்றிருக்கமாட்டார். பேனாவைத் தன் கையில் வாங்கிக்கொள்ளும் வழிகாட்டி எவ்வளவு திறமைசாலியானாலும் ஆபத்தானவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு தொடரில், புதிதாக வந்த ஓர் இளைஞருக்கு ஒரே வாரத்தில் நான்கு பேரிடமிருந்து குறிப்புகள் வந்தன. ஒருவர் வேகம் போதாது என்றார். இன்னொருவர் நிதானமாக விரியவேண்டும் என்றார். மூன்றாமவர் கதாநாயகியின் அண்ணனே வேண்டாம் என்றார். நான்காமவருக்கு அந்த அண்ணன்தான் பிடித்த பாத்திரம். அவற்றை ஒருங்கிணைத்துத் தரவேண்டிய பொறுப்பில் இருந்த நாங்கள் அதைச் செய்யவில்லை. அவர் நால்வர் சொன்னதையும் செய்யப்பார்த்தார். மூன்றாம் வரைவில் கதையே காணாமல் போயிருந்தது. அவருக்கு அடுத்த எபிசோடு தரப்படவில்லை. குறிப்புகளைக் கேட்கும்போது வாதாடாமல் எழுதிக்கொள்வது, ஒருநாள் கழித்து அவற்றை வகைப்படுத்துவது, சொல்லப்பட்ட தீர்வை ஒதுக்கிவிட்டு அதைச் சொல்லவைத்த குறை எங்கே இருக்கிறது என்று தேடுவது, முரண்பட்டவற்றைப் பட்டியலிட்டு “இவற்றில் எது முடிவு?” என்று பொறுப்பானவரிடம் பணிவாகக் கேட்பது ஆகியவற்றை யாராவது அவருக்கு முன்பே பழக்கியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். இருபதாம் பக்கத்தில் சலிப்புத் தட்டுகிறது என்று சொல்லப்பட்டால், பிழை பெரும்பாலும் எட்டாம் பக்கத்தில் இருக்கும். பார்வையாளருக்கு எதன்மீது அக்கறை வரவேண்டும் என்பதை அங்கே நாம் நிறுவாமல் விட்டிருப்போம்.

வழிகாட்டியாக யாரைத் தேடுவது என்று கேட்டால், பெரும்புகழ் பெற்றவரைவிட உங்களுக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னால் நடப்பவர் மேல் என்பேன். முதல் ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிக்கவேண்டும், எந்தத் தயாரிப்பாளர் புதியவர்களின் வரைவுகளைப் படிக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் நுழைந்தவருக்குத் தெரிந்த வாசல் இன்று இல்லாமலே போயிருக்கலாம். அடுத்து, உங்களுக்கு வேலை கொடுப்பவரும் வழிகாட்டியும் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது. “இந்த எபிசோடு எனக்கு வரவில்லை, எங்கே திணறுகிறேன் என்றே தெரியவில்லை” என்பதை உங்களை வேலையிலிருந்து நீக்கக்கூடியவரிடம் சொல்ல மனம் வராது. உறவுக்கு ஒரு கால எல்லையும் வடிவமும் வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு மாதம், ஒரு பைலட் எபிசோடு (தொடரின் மாதிரியாக எழுதும் முதல் எபிசோடு), மூன்று வரைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர உரையாடல் என்பது போல. “எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள்” என்று அன்போடு சொல்பவர் ஒருபோதும் படிக்கமாட்டார்.

திட்டங்களை மதிப்பிடுவதற்கு விளம்பரத்தைப் படிப்பதைவிட முன்பு பங்கேற்ற இருவரிடம் பேசுவது பயன்தரும். பாடத்திட்டம் எப்படி என்று கேட்காதீர்கள். இறுதி வரைவை யார் படித்தார்கள், நடிகர்கள் வாசித்தார்களா, முடிந்து ஓராண்டு கழித்து யாராவது தொலைபேசியில் அழைத்தார்களா, கூடப் படித்தவர்களில் எத்தனை பேர் ஊதியம் பெற்று எழுதினார்கள் என்று கேளுங்கள். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் முக்கியம். ஒளிபரப்பு நிறுவனங்களோ தயாரிப்பு நிறுவனங்களோ நடத்தும் நல்ல திட்டங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. சில உதவித்தொகையும் தருகின்றன. கட்டணம் வாங்கும் படிப்பு மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அது கல்வியை விற்கிறது, வேலையை விற்க அதனால் முடியாது. விண்ணப்ப விதிகளில் உரிமை பற்றிய பத்தியை இரண்டுமுறை படியுங்கள். நீங்கள் அனுப்பும் பைலட்டின் உரிமை உங்களிடமே இருக்கவேண்டும். முதலில் பரிசீலிக்கும் வாய்ப்பை அவர்கள் கேட்பது வழக்கம்தான், காலவரையறையற்ற முழு உரிமையைக் கேட்டால் விலகிவிடுங்கள். யோசனைக்கு மட்டும் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்பதால், சந்திப்பில் வாயால் சொன்னதை அன்றே எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

போட்டிகளில் தோற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். பிரிட்டனில் ராபர்ட் தோரோகுட் 2008இல் ரெட் பிளானட் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் திரைக்கதைப் போட்டியில் பரிசு வாங்கவில்லை, இறுதிச் சுற்று வரைதான் வந்தார். ஆனால் அவர் சொன்ன யோசனை அந்நிறுவனத்தை நடத்திய டோனி ஜோர்டனுக்குப் பிடித்துப்போய், அது 2011இல் ‘டெத் இன் பாரடைஸ்’ என்ற துப்பறியும் தொடராக வந்தது. ஒரு போட்டியின் உண்மையான பரிசு பல சமயம் நீங்கள் அனுப்பியதைப் படித்த ஒருவரின் நினைவில் தங்குவதுதான்.

எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காத ஆண்டை என்ன செய்வது? நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகி, மாதம் ஒருமுறை ஒருவருடைய வரைவை நடிகர்களையோ நண்பர்களையோ கொண்டு உரக்க வாசிக்க வையுங்கள். எழுதியவர் அன்று வாய் திறக்கக்கூடாது. உங்களுக்குப் பிடித்த ஒரு தொடரின் ஒரு எபிசோடை எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் நீளம், அதில் யார் என்ன விரும்புகிறார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று அட்டவணையாக மூன்றே கட்டங்களில் எழுதி, அந்த எபிசோடின் காட்சி வரிசையைத் திரும்பக் கட்டுங்கள். ஒன்றும் மாறாத காட்சி எத்தனை அரிது என்று பார்த்தபின், உங்கள் சொந்த வரைவுக்கு அதையே செய்யுங்கள். கையில் ஒரு சொந்தப் பைலட்டாவது முழுமையாக இருக்கட்டும். பாதி முடிந்த ஐந்து கதைகளால் பயனில்லை.

கடைசியாக ஒன்று, இதை எந்தத் திட்டத்திலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. உங்கள் முதல் எபிசோடு ஒளிபரப்பாகும்போது, பெயர் உங்களுடையதாக இருந்தாலும் வசனங்களில் பாதி தலைமை எழுத்தாளருடையதாக இருக்கலாம். அது வலிக்கும். ஒரு வாரம் போகட்டும். பிறகு உங்கள் கடைசி வரைவையும் படப்பிடிப்பு வரைவையும் பக்கம் பக்கமாக அருகருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஏன் என்று எழுதுங்கள்: இடம் கிடைக்கவில்லை, நடிகர் இல்லை, எபிசோடு நேரத்தைத் தாண்டியது, பாத்திரத்தின் குரல் பிசகியது, வெறும் விருப்பம். விடை தெரியாதவற்றை ஸ்கிரிப்ட் எடிட்டரிடம் கேளுங்கள். என்னிடம் இதுவரை மூன்று பேர்தான் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், மூவருக்கும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.